இடுப்பில் சுமக்கும் நீர்: எவ்வளவு, எதில், எதற்காக?

அதிகாலை வேளைகளில் கொழும்பு காலிமுகத்திடலிலும், யாழ்ப்பாணத்தின் பண்ணைக் கடலோரத்திலும், மட்டக்களப்பின் கல்லடிப் பகுதியிலும் ஓடுவோரையும் விரைந்து நடப்போரையும் இன்று பரவலாகக் காணமுடிகின்றது. மலையகத்தில், கண்டியை அண்மித்த ஹந்தானையில் ஆரம்பித்துத் தேயிலைத் தோட்டங்களினூடாக நுவரெலியா வரை 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கும் மேல் நீளும் பெக்கோ நடைபாதை, வெளிநாட்டு உல்லாசப் பயணிகளை மட்டுமன்றி உள்நாட்டு இளைஞர்களையும் தன்பால் ஈர்த்து வருகின்றது. இவ்வாறு ஓடுவோரிலும் நடப்போரிலும் பலரது இடுப்பைச் சுற்றிச் சிறு நீர்ப்போத்தல்கள் செருகப்பட்ட பட்டியொன்றைக் காண்கின்றோம். விளையாட்டுப் பொருள் விற்பனை நிலையங்களில் பல வடிவங்களிலும் பல விலைகளிலும் கிடைக்கும் இந்த நீர்ப்பட்டியைத் தெரிவுசெய்வது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

இது வெறும் நுகர்வோர் விவகாரம்தானே என்று வாசகர்கள் எண்ணக்கூடும். அவ்வாறன்று. 2024 ஆம் ஆண்டின் முற்பகுதியில் நாட்டில் கடும் வெப்பம் நிலவியபோது பாடசாலை மாணவர்களின் வெளிக்கள விளையாட்டு நிகழ்வுகளை மட்டுப்படுத்துமாறு கல்வி அமைச்சு அறிவுறுத்தியிருந்தது. அதே காலப்பகுதியில் கிழக்கில் பாடசாலை மரதன் ஓட்டமொன்றில் பங்குபற்றிய மாணவர் ஒருவர் உயிரிழந்த செய்தி நாட்டையே அதிர்ச்சிக்குள்ளாக்கியது. அம்மரணம் தொடர்பான வாதப் பிரதிவாதங்களுக்குள் நாம் இங்கு புக விரும்பவில்லை. ஆயினும், வெப்பத்தில் உடலை வருத்துவோர் நீரைப் பற்றிச் சரியாக அறிந்திருக்க வேண்டியது உயிரோடு சம்பந்தப்பட்ட விடயம் என்பதை அது எல்லோருக்கும் உணர்த்திற்று.

பட்டியைத் தெரிவுசெய்யப் புகுவோர் கடையிலே முதலில் கேட்கும் கேள்வி, "இதில் எத்தனை லீற்றர் கொள்ளும்?" என்பதாகும். எமது அபிப்பிராயத்தில் முதலில் கேட்கப்பட வேண்டிய கேள்வி அதுவன்று. "எனக்கு அடுத்த நீர் எங்கே கிடைக்கும்? அதுவரைக்கும் எனக்கு எவ்வளவு தேவை?" என்பதே முதற் கேள்வியாகும். இதற்கு விடை கண்டவருக்கு எந்தப் பட்டி பொருத்தமானது என்பது பெரும்பாலும் தானாகவே தெளிவாகிவிடும்.

வியர்வையும் வெப்பமும்

ஓடும்போது எமது தசைகள் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வெப்பமாகவே வெளிப்படுகின்றது. இவ்வெப்பத்தை வெளியேற்றுவதற்கு உடல் கொண்டுள்ள பிரதான வழி வியர்வையாகும். ஒரு லீற்றர் வியர்வை தோலிலிருந்து முற்றாக ஆவியாகுமாயின், அது ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்லும். ஆனால், ஆவியாக வேண்டும் என்பதே இங்கு முக்கியமானது. தோலிலிருந்து துளித்துளியாக வழிந்து நிலத்தில் விழும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை.

கொழும்பு, காலி போன்ற ஈரப்பதன் மிகுந்த கரையோர நகரங்களில் நிகழ்வது பெரும்பாலும் இதுவேயாகும். காற்றில் ஏற்கனவே நீராவி நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாவது தடைப்படுகின்றது. உடல் மேலும் மேலும் வியர்க்கின்றது, நீர் இழக்கப்படுகின்றது, எனினும் உடல் குளிர்வதில்லை. எனவே, வெப்பமானியில் தெரியும் பாகையை மட்டும் பார்த்து ஓடப் புறப்படுவது போதுமானதன்று. வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பநிலையையும் ஈரப்பதனையும் சேர்த்துக் கணித்து வெளியிடும் வெப்பச் சுட்டெண் எச்சரிக்கைகளைப் பார்த்துப் புறப்படுவதே புத்திசாலித்தனமாகும்.

குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு

நீர் குறைவதனால் ஏற்படும் கேடு யாவரும் அறிந்ததே. உடல் எடையில் 2 சதவீதத்திற்கும் அதிகமான நீரிழப்பு, வெப்பமான சூழலில் ஓடும் ஆற்றலைக் குறைப்பதுடன் இதயத்தின் வேலையையும் அதிகரிக்கின்றது. விளையாட்டு மருத்துவத்திற்கான அமெரிக்கக் கல்லூரி 2007 இல் வெளியிட்ட நிலைப்பாட்டு அறிக்கையும் இந்த 2 சதவீத எல்லையைத் தாண்டாதிருக்குமாறே ஆலோசனை கூறுகின்றது.

ஆனால் மறுபக்கத்தில் உள்ள ஆபத்தைப் பலரும் அறிந்திருப்பதில்லை. அளவுக்கு மீறி நீர் அருந்துவோரின் இரத்தத்தில் சோடியம் என்னும் உப்புச்சத்தின் செறிவு வீழ்ச்சியடைகின்றது. இதனால் மூளை வீங்கி மரணமும் சம்பவிக்கலாம். தென்னாபிரிக்காவைச் சேர்ந்த ரிம் நோக்ஸும் அவரது சகாக்களும் நெடுந்தூர ஓட்ட வீரர்களிடையே தோன்றிய இந்நிலையை 1985 ஆம் ஆண்டிலேயே மருத்துவ உலகின் கவனத்திற்குக் கொண்டுவந்தனர். 2002 ஆம் ஆண்டின் பொஸ்டன் மரதன் ஓட்டத்தில் பங்குபற்றியோரில் 488 பேரின் இரத்த மாதிரிகள் பரிசோதிக்கப்பட்டபோது, அவர்களில் 13 சதவீதமானோருக்கு சோடியம் குறைந்திருந்தமை கண்டறியப்பட்டது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களும், நான்கு மணித்தியாலங்களுக்கும் மேல் மெதுவாக ஓடியவர்களுமே இதற்கு அதிகம் ஆளாகியிருந்தனர். விரைவாக ஓடுபவருக்குக் குடிக்க நேரமில்லை. மெதுவாக ஓடுபவருக்கோ ஒவ்வொரு நீர் நிலையத்திலும் நின்று குடிக்க நேரமுண்டு என்பதே இதன் காரணமாகும்.

2015 இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் கூடிய மூன்றாவது சர்வதேச நிபுணர் மாநாடு, தாகம் எடுக்கும்போது குடிப்பதே இந்நிலையைத் தவிர்ப்பதற்கான பாதுகாப்பான வழி எனப் பரிந்துரைத்தது. 2 சதவீத எல்லையை வலியுறுத்துவோருக்கும் தாகத்தை வழிகாட்டியாகக் கொள்ளச் சொல்வோருக்கும் இடையே கருத்து வேறுபாடுகள் இருக்கலாம். ஆனால், ஓடி முடிக்கையில் ஒருவரது எடை ஆரம்பத்தில் இருந்ததைவிடக் கூடியிருக்கக் கூடாது என்பதில் இரு சாராரும் உடன்படுகின்றனர். ஆகவே, பெரிய நீர்ப்பை வாங்கியோர் அதில் உள்ளதனைத்தையும் குடித்துத் தீர்க்க வேண்டும் என எண்ணுவது தவறாகும். நீர் கைவசம் இருப்பது தேவைப்படும்போது குடிப்பதற்கே.

தராசு சொல்லும் கணக்கு

ஒருவருக்கு எவ்வளவு நீர் தேவை என்பதை எந்த விற்பனையாளராலும் கூறிவிட முடியாது. வியர்வையின் அளவு ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடுகின்றது. ஒரு மணித்தியாலத்தில் அரை லீற்றர் மட்டுமே வியர்ப்பவரும் உள்ளனர். இரண்டு லீற்றருக்கும் மேல் வியர்ப்பவரும் உள்ளனர். இதனை வீட்டிலிருந்தே கணக்கிட்டுக் கொள்ளலாம். அதற்குத் தேவைப்படுவது எடை பார்க்கும் தராசு ஒன்று மட்டுமே.

ஓடச் செல்லுமுன் சிறுநீர் கழித்துவிட்டு, மிகக் குறைந்த உடையுடன் எடையைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். வழமையான வேகத்தில் ஒரு மணித்தியாலம் ஓடித் திரும்பி, வியர்வையைத் துடைத்துவிட்டு மீண்டும் அவ்வாறே எடை பார்க்க வேண்டும். குறைந்த எடையுடன் இடையில் குடித்த நீரின் அளவைக் கூட்டினால் கிடைப்பது ஒரு மணித்தியாலத்தில் வெளியேறிய வியர்வையின் அளவாகும். ஒரு லீற்றர் நீரின் எடை ஒரு கிலோகிராம் என்பதால் இக்கணக்கு மிக இலகுவானது.

உதாரணமாக, 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் ஒரு மணித்தியாலம் ஓடி முடித்தபோது 59.2 கிலோகிராம் இருக்கிறார் என்றும், இடையில் 300 மில்லிலீற்றர் குடித்தார் என்றும் கொள்வோம். அவருடைய வியர்வை 1.1 லீற்றராகும். இவர் ஒன்றரை மணித்தியாலம் ஓடினால் ஏறத்தாழ 1.65 லீற்றரை இழப்பார். அவரது எடையில் 2 சதவீதம் என்பது 1.2 கிலோகிராம். எனவே, அந்த எல்லைக்குள் நிற்பதற்கு அவர் ஓட்டத்தின்போது குடிக்க வேண்டியது ஏறத்தாழ 450 மில்லிலீற்றர் மட்டுமே. மீதியை வீடு திரும்பி ஆறுதலாகக் குடித்துக்கொள்ளலாம். அரை லீற்றர் போத்தல் ஒன்று செருகக்கூடிய எளிய பட்டியே இவருக்குப் போதுமானது. இரண்டு லீற்றர் நீர்ப்பையைச் சுமந்து ஓடுவாராயின், தேவையற்ற ஒன்றரைக் கிலோகிராம் எடையைத்தான் அவர் சுமந்தோடுகின்றார்.

ஒரு மணித்தியாலத்திற்கும் குறைவாக, அதிகாலைக் குளிர்மையில் ஓடுவோரில் பெரும்பாலானோருக்குப் பட்டியே தேவைப்படாது. புறப்படுமுன் ஒரு குவளை நீரும் திரும்பியபின் தாகம் தீருமளவு நீரும் அவர்களுக்குப் போதும். இக்கணக்கை வெப்பமான மாதமொன்றிலும் குளிர்ந்த மாதமொன்றிலும் தனித்தனியே செய்து பார்ப்பது நன்று. பங்குனி, சித்திரை மாதங்களில் கிடைக்கும் அளவு மார்கழியில் பொருந்தாது.

நான்கு வகைப் பட்டிகள்

சந்தையில் கிடைப்பவற்றை நான்கு வகைகளுள் அடக்கலாம். முதலாவது, இடுப்பைச் சுற்றிலும் இரண்டு அல்லது நான்கு சிறு போத்தல்கள் செருகப்படும் பட்டி. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 200 முதல் 300 மில்லிலீற்றர் வரை கொள்ளும். எடை இருபுறமும் சமமாகப் பகிரப்படுவதும், ஒன்றில் வெறும் நீரையும் மற்றொன்றில் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரையும் கொண்டு செல்லக்கூடியதாக இருப்பதும் இதன் அனுகூலங்களாகும். ஒரு பக்கத்துப் போத்தலை மாத்திரம் குடித்து முடித்தால் பட்டி மறுபக்கம் சரியும் என்பதால் இரு பக்கமும் மாறிமாறிக் குடிக்க வேண்டும்.

இரண்டாவது, முதுகின் கீழ்ப்பகுதியில் ஒரே போத்தலைச் சாய்வாகச் செருகும் பட்டி. இது அரை லீற்றர் முதல் முக்கால் லீற்றர் வரையான ஒற்றைப் போத்தலைத் தாங்கும். போத்தல் நேராக நிற்பதைவிடச் சாய்ந்திருக்கும்போது எடுப்பதும் மீண்டும் செருகுவதும் இலகு. மலைநடைக்கும் மெதுவான ஓட்டத்திற்கும் இது ஏற்றது. விரைந்து ஓடுவோருக்கு ஒரே இடத்தில் குவியும் எடை குலுங்குவது தொல்லையாக அமையலாம்.

மூன்றாவது, மடங்கிச் சுருங்கும் மென்குடுவைகளைத் தாங்கும், இழுபடும் துணியாலான அகன்ற பட்டி. குடிக்கக் குடிக்க குடுவை சுருங்குவதால் உள்ளே காற்றுக்கு இடமில்லை. ஆகவே நீர் தளும்பும் ஓசையும் அசைவும் இல்லை. உடலோடு ஒட்டிக் கிடப்பதால் ஓடுவோருக்கு இவ்வகையே பெரிதும் உகந்தது என்பது எமது கருத்தாகும். ஆயினும், பாதி காலியான மென்குடுவையை மீண்டும் உறைக்குள் செருகுவதற்குச் சற்றுப் பொறுமை தேவை. முட்கள் நிறைந்த பற்றைக்காடுகளில் நடப்போர் அது கிழியாது பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது, இடுப்பின் பின்புறத்தில் ஒரு லீற்றர் முதல் ஒன்றரை லீற்றர் வரை கொள்ளும் நீர்ப்பையும், வாய்க்கு நீண்டுவரும் உறிஞ்சுகுழாயும் கொண்ட வகை. இந்த உறிஞ்சுகுழாய் முறையின் தோற்றம் சுவையானது. 1988 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக் கடும் வெயிலில் நடைபெற்ற 100 மைல் சைக்கிளோட்டத்தில் பங்குபற்றிய மைக்கல் எயிட்சன் என்னும் அவசர மருத்துவ உதவியாளர், நோயாளருக்குச் சேலைன் ஏற்றும் பையொன்றில் நீரை நிரப்பி, அதனை நீண்ட காலுறையொன்றினுள் இட்டு, தமது மேலாடையின் பின்புறத்தில் பொருத்தி, குழாயைத் தோள்மேலாகக் கொண்டுவந்து துணி உலர்த்தும் கவ்வியால் மாட்டிக்கொண்டார். அதிலிருந்து உருவானதே கமல்பக் என்னும் நிறுவனம். இவ்வகையில் நிற்காமலே குடிக்க முடியும். ஆனால், எவ்வளவு குடித்தோம், எவ்வளவு மீதியுள்ளது என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. நீர் திடீரெனத் தீர்ந்துபோவதற்கும், சிந்தனையின்றி அதிகமாகக் குடிப்பதற்கும் இதுவே வழிவகுக்கின்றது.

பொருத்தமே பிரதானம்

நீரைக் கையில் ஏந்தி ஓடலாமே என்று சிலர் கேட்பர். ஓடலாம். ஆனால் கையிலுள்ள எடை ஒவ்வோர் அடிக்கும் முன்னும் பின்னும் வீசப்படுகின்றது. உடலின் புவியீர்ப்பு மையத்திற்கு அண்மையில் உள்ள எடையைச் சுமப்பதே இலகு. ஒரே எடையை இடுப்பில் கட்டி ஓடுவதைவிடக் காலின் கீழ்ப்பகுதியில் கட்டி ஓடும்போது கூடிய சக்தி செலவாவதை 1985 இல் வெளியான ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. அவயவங்களின் நுனியை விட்டு நடுவுடலுக்கு எடையைக் கொண்டுவருவதே இடுப்புப் பட்டியின் அடிப்படைத் தத்துவமாகும்.

எனினும் இடுப்பு என்பது கொப்பூழைச் சுற்றிய பகுதியன்று. பட்டி தங்க வேண்டியது இடுப்பெலும்பின் மேல் விளிம்பிலாகும். வயிற்றின் மேலே இறுகக் கட்டப்பட்ட பட்டி, மூச்சை ஆழமாக இழுக்க விடாது, குமட்டலையும் ஏற்படுத்தலாம். எனவே, காற்சட்டையின் அளவைச் சொல்லி வாங்காது, பட்டி தங்கும் இடத்தை அளவுநாடாவால் அளந்து வாங்க வேண்டும். இடுப்பு அகன்று இடை ஒடுங்கிய உடல்வாகு கொண்ட பெண்களுக்கு நேரான பட்டி மேல்நோக்கி ஏறி இடையில் வந்து நிற்பதுண்டு. அவர்கள் மேல்விளிம்பு சற்று ஒடுங்கி வளைந்திருக்கும் பட்டியை அல்லது இழுபடும் துணிப்பட்டியைப் போட்டுப் பார்த்து வாங்குவது நன்று.

கடையில் வெறும் பட்டியைக் கட்டிப் பார்ப்பதில் பயனில்லை. போத்தல்களில் நீரை நிரப்பச் சொல்லி, கட்டிக்கொண்டு இரண்டு நிமிடங்களாயினும் நின்ற இடத்திலேயே ஓடிப் பார்க்க வேண்டும். பிறகு பாதி நீரைக் குறைத்துவிட்டு மீண்டும் ஓடிப் பார்க்க வேண்டும். நிரம்பிய நிலையில் அசையாதிருக்கும் பட்டி, பாதி குறைந்ததும் தளும்பத் தொடங்குவது வழமை. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கையால் இறுக்கவும் தளர்த்தவும் கூடிய வார்கள் உள்ளனவா, போத்தலைப் பாராமலே எடுத்துப் பாராமலே செருக முடிகிறதா, மூடியைப் பல்லாலோ ஒரு விரலாலோ திறக்க முடிகிறதா என்பவற்றையும் கவனிக்க வேண்டும். உள்விளிம்பில் தடித்த தையல்கள் இருப்பின் வியர்வை ஊறிய தோலை அவை உராய்ந்து புண்ணாக்கிவிடும். உலோகச் சிப் உள்ள பட்டிகள் வியர்வையின் உப்பால் விரைவில் துருப்பிடிக்கும். பிளாஸ்ரிக் சிப் நீண்டகாலம் உழைக்கும்.

ஒரு லீற்றருக்கு மேற்பட்ட நீரை இடுப்பில் கட்டி ஓடுவது சௌகரியமானதன்று. ஒன்றரை லீற்றருக்கு மேல் தேவைப்படுமாயின் தோள்களிலும் முதுகிலும் எடையைப் பகிரும் பைக்கு மாறுவதே முறையாகும். கீழ்முதுகு வலி உள்ளவர்களும் முதுகின் பின்புறம் எடை குவியும் பட்டிகளைத் தவிர்த்துக்கொள்வது நல்லது.

மலையேற்றத்தில் இக்கணக்கு எப்படி?

அடுத்த நீர் எங்கே என்ற கேள்வியின் முக்கியத்துவத்தைச் சிவனொளிபாதமலை தெளிவாக விளக்குகின்றது. 2,243 மீற்றர் உயரமான இம்மலைக்கு நல்லதண்ணிப் பாதையால் 5,000 இற்கும் மேற்பட்ட படிகளை ஏற வேண்டும். மார்கழிப் பூரணையில் தொடங்கி வெசாக் பூரணை வரையான யாத்திரைக் காலத்தில் வழிநெடுகிலும் தேநீர்க்கடைகள் திறந்திருக்கும். அப்போது அரை லீற்றர் போத்தலுடன் கூடிய பட்டியே தாராளம். யாத்திரைக் காலம் அல்லாத மாதங்களில் ஏறுவோருக்கோ பெரும்பாலான கடைகள் மூடப்பட்டிருக்கும். அதே மலை, அதே படிகள்; ஆனால் தேவைப்படும் நீரின் அளவு வேறு.

நான்கு மணித்தியாலம் நடக்கும் ஒருவர் மணித்தியாலத்திற்கு அரை லீற்றர் வீதம் இரண்டு லீற்றர் வியர்ப்பார் எனக் கொண்டால், அவர் வழியில் ஒன்று முதல் ஒன்றரை லீற்றர் வரை குடிக்க வேண்டியிருக்கும். நடுவழியில் நிரப்ப முடியுமாயின் முக்கால் லீற்றர் கொள்ளும் இடுப்புப் பட்டி போதும். நிரப்ப முடியாதெனில் முதுகுப்பையே பொருத்தமானது.

ஹோட்டன் சமவெளியில் உலக முடிவையும் பேக்கர் நீர்வீழ்ச்சியையும் சுற்றிவரும் ஏறத்தாழ 9 கிலோமீற்றர் பாதையின் இடைநடுவே கடைகள் இல்லை. ஆயினும் 2,000 மீற்றருக்கும் மேற்பட்ட அவ்வுயரத்தின் குளிரில் வியர்வை குறைவு. பொலித்தீன் உறைகளும் போத்தல்களின் மேலுறைகளும் நுழைவாயிலிலேயே அகற்றப்படுவதால், திரும்பத் திரும்பப் பாவிக்கக்கூடிய போத்தலுடன் செல்வோருக்கு அங்கு எந்தச் சிரமமும் இராது.

கதிர்காமப் பாதயாத்திரையில் ஒக்கந்தையிலிருந்து குமண, யால வனங்களினூடாகச் செல்லும் அடியார்களின் நிலையோ முற்றிலும் வேறு. ஆடி மாதத்தின் வரட்சியில், நிழல் குன்றிய வழியில், நாட்கணக்கில் நடப்போருக்கு இடுப்புப் பட்டி பிரதான நீர்க்கலமாக அமைய முடியாது. பெரிய கலத்தை மூட்டையில் சுமந்து, அதிலிருந்து நிரப்பி நடையின்போது பருகுவதற்கான துணைக்கலமாக மட்டுமே அது உதவும்.

ஓடை நீரைக் குறித்தும் ஒரு வார்த்தை. தெளிவாக ஓடும் நீர் தூய்மையானது என்ற நம்பிக்கை ஆபத்தானது. தேயிலைத் தோட்டங்களுக்குக் கீழே ஓடும் ஓடைகளில் விவசாய இரசாயனங்களும், குடியிருப்புகளுக்குக் கீழே மனிதக் கழிவுகளும், எங்கும் விலங்குகளின் சிறுநீரும் கலந்திருக்கலாம். எலிக்காய்ச்சல் இந்நாட்டில் புதியதொன்றல்ல. கிருமிகளைக் கொதிக்க வைத்தோ குளோரீன் வில்லைகள் இட்டோ அழிக்கலாம். இரசாயனங்களை அவ்வாறு அகற்ற முடியாது என்பதையும் மனதிற்கொள்ள வேண்டும்.

உப்பும் சர்க்கரையும், துப்புரவும்

இரண்டு மணித்தியாலங்களுக்கு மேல் வியர்ப்போருக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் பயனளிக்கும். எமது வீடுகளில் ஜீவனி என்று அறியப்பட்ட வாய்வழி மீள்நீரேற்றக் கரைசல் இதற்கு உதவலாம். உலக சுகாதார நிறுவனம் 2002 இல் அறிமுகப்படுத்திய கலவையின்படி ஒரு லீற்றர் கரைசலில் 75 மில்லிமோல் சோடியமும் 75 மில்லிமோல் குளுக்கோசும் உண்டு. ஒரு லீற்றருக்குரிய பொதியைக் கால் லீற்றர் போத்தலில் முழுவதுமாகக் கொட்டிக் கலப்பது தவறு. அது தாகத்தைத் தணிக்காமல் வயிற்றைக் கெடுக்கும். முழு லீற்றரையும் வீட்டிலேயே கலந்து, தேவையான அளவைப் போத்தலில் ஊற்றிச் செல்ல வேண்டும். உப்புக் கலந்திருப்பதால் எவ்வளவும் குடிக்கலாம் என எண்ணவும் கூடாது. அளவுக்கு மீறிக் குடிப்பதன் கேட்டை உப்பு தடுத்துவிடாது. உயர் குருதி அமுக்கம், சிறுநீரக நோய், நீரிழிவு ஆகியவை உள்ளவர்களும், சிறுநீரை வெளியேற்றும் மாத்திரைகளை உட்கொள்வோரும் தமது வைத்தியரைக் கேட்டே இவ்விடயத்தில் முடிவுசெய்ய வேண்டும்.

உறிஞ்சுகுழாய் உள்ள நீர்ப்பையில் வெறும் நீரைத் தவிர வேறெதையும் நிரப்பாதிருப்பது உத்தமம். சர்க்கரை படிந்த குழாயில் எமது காலநிலையில் ஓரிரு நாட்களுக்குள்ளேயே பூஞ்சணம் பிடித்துவிடும். பாவித்த அன்றே வெந்நீரும் சிறிதளவு அப்பச்சோடாவும் இட்டுக் கழுவி, குழாயைத் தனியே கழற்றித் தொங்கவிட்டு, உட்புறம் முற்றாக உலர விட வேண்டும். கை நுழையுமளவு அகன்ற வாய் இல்லாத பையை வாங்காதிருப்பதே சிறந்தது. போத்தல்களைப் பொறுத்தவரையிலும் அகன்ற வாயுடையவை கழுவுவதற்கு இலகு. ஒருமுறை பாவனைக்குரிய மென்பிளாஸ்ரிக் போத்தலை மாதக்கணக்கில் பாவிப்பதும் விரும்பத்தக்கதல்ல.

பட்டி செய்ய முடியாதது

இவ்வளவும் கூறிய பின்னர், நீர்ப்பட்டியால் செய்ய முடியாததையும் சொல்லியே ஆகவேண்டும். இடுப்பில் நீர் இருப்பதால் வெப்பப் பக்கவாதம் வராது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. போதிய நீர் அருந்தியவரும், ஈரப்பதன் மிகுந்த வெப்பத்தில் தமது ஆற்றலுக்கு மேல் ஓடினால், உடல் வெப்பநிலை 40 பாகை செல்சியஸைத் தாண்டி மயங்கி விழலாம். ஓடியவர் தடுமாறினாலோ, பிதற்றினாலோ, தாம் எங்கிருக்கிறோம் என அறியாது விழித்தாலோ அதனை வெறும் களைப்பு எனக் கருதிவிடக்கூடாது. வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லும் வரை காத்திராமல், அவ்விடத்திலேயே நிழலில் கிடத்தி, கிடைக்கும் குளிர்ந்த நீரை உடலெங்கும் தொடர்ந்து ஊற்றி, இயலுமாயின் நீர்த் தொட்டியில் தலை அமிழாது அமிழ்த்திக் குளிர்விக்க வேண்டும். அதேவேளை அம்புலன்ஸையும் அழைக்க வேண்டும். முதலில் குளிர்விப்பது, பின்னர் கொண்டுசெல்வது என்பதே விளையாட்டு மருத்துவத்தின் விதியாகும். சுயநினைவு தடுமாறியவரின் வாயில் வலிந்து நீரைப் புகட்டுவது புரையேறவும், சோடியம் குறைந்தவராயின் நிலைமை மேலும் மோசமடையவும் காரணமாகலாம்.

தனி ஒருவர் தமது நீரைத் தாமே சுமப்பது நற்பழக்கம் என்பதில் ஐயமில்லை. எனினும், போட்டிகளை ஒழுங்கு செய்வோரின் கடமையை அது எவ்வகையிலும் குறைத்துவிடாது. பாடசாலை மரதன் ஓட்டத்தில் பங்குபற்றும் மாணவர்களில் எத்தனை பேரின் பெற்றோரால் இத்தகைய பட்டிகளை வாங்கிக் கொடுக்க இயலும்? அப்பிள்ளைகளுக்குரிய நீர் பாதையோரத்தில் உரிய தூரங்களில் வைக்கப்பட்டிருக்க வேண்டும். ஓட்டம் வெயில் ஏறுமுன்னரே முடிவடைய வேண்டும். வெப்பச் சுட்டெண் எச்சரிக்கை விடுக்கப்பட்ட நாளில், விருந்தினர்கள் அழைக்கப்பட்டுவிட்டனர் என்பதற்காக நிகழ்வு நடத்தப்படக் கூடாது. குளிர்ந்த நீர் நிரம்பிய பெரிய தொட்டியொன்றும், அதனைப் பயன்படுத்தத் தெரிந்த ஆசிரியர் ஒருவரும் முடிவுக்கோட்டில் இருந்தேயாக வேண்டும். இவற்றுக்குப் பெருஞ்செலவு ஏற்படப்போவதில்லை. முன்கூட்டிய சிந்தனையே தேவை.

தமக்கெனப் பட்டி வாங்க நினைப்போருக்கு நாம் கூறக்கூடியது இதுதான்: கடைக்குச் செல்லுமுன் ஒருநாள் தராசில் ஏறி இறங்குங்கள். ஓடும் பாதையில் நீர் கிடைக்கும் இடங்களை எண்ணிப் பாருங்கள். அதன் பின்னரும் பட்டியொன்று தேவைப்படுமாயின், அத்தேவையின் அளவுக்கு, நீர் நிரப்பிக் கட்டி ஓடிப் பார்த்து வாங்குங்கள். விலை உயர்ந்ததே சிறந்தது என்றில்லை. ஓடும்போது இடுப்பில் இருப்பதே தெரியாமல், தாகம் எடுத்ததும் கை தானாகச் சென்று எடுக்கும் இடத்தில் நீரை வைத்திருப்பதே நல்ல பட்டியாகும்.